உபயமும் பந்தியும்: தரங்கை புதிய எருசலேம் ஆலயம் பற்றி ஒரு திறனாய்வு

நம்முடைய சபைகளில் ஓர் ஆலயத்திற்கு நூறோ இருநூறோ ஆண்டுகள் நிறைவுறும்போது, நினைவு மலர் ஒன்று வெளியிடுவது வழக்கமாகிவிட்டது. அஸ்திபாரம் இடப்பட்ட நாள், பிரதிஷ்டை நடந்த நாள், பணியாற்றிய குருமாரின் பட்டியல், மணியும் நற்கருணைப் பாத்திரமும் வந்துசேர்ந்த வரலாறு, செப்பனிடும் பணிக்கு நன்கொடை அளித்தோர் விவரம் ஆகியவை அம்மலரில் இடம்பெறும். இவை தேவையற்றவை என்று நாம் சொல்லமாட்டோம். அவை எழுதப்படாவிடில் பின்வரும் தலைமுறைக்கு ஒன்றும் தெரியாமற்போகும். ஆயினும், ஒரு கேள்வியை மட்டும் அம்மலர்கள் பெரும்பாலும் கேளாமலே விட்டுவிடுகின்றன. இக்கட்டடமும் இதனுள்ளிருக்கும் பொருள்களும் அங்கே வந்து அமரும் சபைக்கு எதைப் போதித்து வந்திருக்கின்றன என்பதே அக்கேள்வி.

குருவானவர் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் பிரசங்கிக்கிறார். ஆலயமோ ஆண்டு முழுவதும் பிரசங்கித்துக்கொண்டிருக்கிறது. பீடம் இருக்கும் இடம், பிரசங்க பீடத்தின் உயரம், ஞானஸ்நானத் தொட்டி வாசலருகே இருக்கிறதா அல்லது மூலையில் தள்ளப்பட்டிருக்கிறதா என்பது, யார் பெஞ்சில் யார் பாயில் அமர்கிறார்கள் என்பது ஆகிய யாவும் ஒருவகை உபதேசமே. குருவின் வாய்மொழியும் ஆலயத்தின் உபதேசமும் ஒன்றோடொன்று முரண்படுமாயின், சபையார் எதை நம்புவார்கள் என்பது அனுபவமுள்ள ஊழியர் அனைவரும் அறிந்ததே. இந்நோக்கோடு தரங்கம்பாடியிலுள்ள புதிய எருசலேம் ஆலயத்தை இங்கே ஆராய முற்படுகிறோம். பிரதிஷ்டையாகி முந்நூறு ஆண்டுகள் 2018இல் நிறைவுற்ற அவ்வாலயம், தமிழ் லுத்தரன் மக்களின் தாய்க்கோயில் போன்றது. தாயைத் திறனாய்வு செய்வது மரியாதைக்குறைவு என்று சிலர் எண்ணலாம். தாய் நமக்குக் கற்பித்தது இன்னதென்று கண்டுணர்வதும் கனம்பண்ணுதலே என்பது நம்முடைய துணிபு.

1. ஆலயப் பொருள்களைக் குறித்து லுத்தரன் மரபு

முதலில் அளவுகோல் இன்னதென்று தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ஆலயப் பொருள்களைக் குறித்து லுத்தர் இரு முனைகளையும் தவிர்த்தார். 1522இல் விட்டன்பர்க் நகரில் சிலர் சொரூபங்களை வலுக்கட்டாயமாக அகற்றத் தலைப்பட்டபோது, அவர் வார்ட்புர்க் கோட்டையிலிருந்து திரும்பிவந்து அதற்கெதிராகத் தொடர்ந்து பிரசங்கித்தார். மரமும் கல்லும் தம்மளவில் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்த வல்லவையல்ல. ஆதலால் அவற்றை வைத்திருப்பதையும் அகற்றுவதையும் இரட்சிப்புக்குரிய கட்டளையாக்கக் கூடாது என்பதே அவர் வாதம். ஆனால், பொருள்கள் எப்படியிருந்தாலும் ஒன்றுதான் என்று அவர் சொல்லவில்லை. 1526இல் வெளியிட்ட ஜெர்மன் ஆராதனை முறைமையில், குருவானவர் பீடத்துக்குப் பின்னே நின்று சபையை நோக்கியிருப்பதே கிறிஸ்து இராப்போஜனத்தில் இருந்த விதத்திற்கு ஏற்றது என்று எழுதினார். ஆயினும் அது தன் காலம் வரும்வரை காத்திருக்கட்டும் என்று விட்டுவைத்தார். பொருள்களின் அமைப்புக்கு அர்த்தம் உண்டு, அந்த அர்த்தத்தைப் பலவந்தத்தால் திணிக்கலாகாது என்னும் இரண்டையும் அவர் ஒருங்கே பிடித்திருந்தார்.

1544 அக்டோபரில் டோர்காவ் அரண்மனைச் சிற்றாலயத்தை லுத்தரே பிரதிஷ்டை செய்தார். சுவிசேஷ ஆராதனைக்கென்றே புதிதாகக் கட்டப்பட்ட முதல் ஆலயமென்று அதைக் குறிப்பிடுவர். அங்கே பீடம் எளிய மேசையாக அமைந்தது. பிரசங்க பீடம் பக்கச் சுவரின் நடுவே, எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கப்பட்டது. அதன்மேல் மூன்று காட்சிகள் செதுக்கப்பட்டன: விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயோடு இயேசு, பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர் நடுவே இயேசு, தேவாலயத்தைச் சுத்திகரிக்கும் இயேசு. மன்னிப்பு, போதனை, சீர்திருத்தம் என்ற மூன்றையும் பிரசங்கத்தின் பணியாக அச்சிற்பங்கள் நினைப்பூட்டுகின்றன. தேவன் நம்மோடு பேசுகிறார். நாம் ஜெபத்தாலும் துதியாலும் மறுமொழி கூறுகிறோம். இதற்காகவே இவ்விடம் என்பதே அன்று அவர் பிரசங்கத்தின் சாரம்.

பின்னர் ஜெர்மானியக் கிராமங்களில் இக்கருத்து பலவாறு உருப்பெற்றது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சாக்சனி, துரிங்கியா முதலிய பகுதிகளின் கிராம ஆலயங்கள் பலவற்றில், பீடத்தின் மேலேயே பிரசங்க பீடத்தை அமைத்து இரண்டையும் ஒரே வேலைப்பாடாக்கினார்கள். வார்த்தையும் திருவிருந்தும் ஒன்றே என்பதை உழவரும் கண்ணால் கண்டுகொள்ள அது உதவிற்று. வேறு சில ஆலயங்களில் மரத்தாற் செய்த தேவதூதன் ஒருவன் கூரையிலிருந்து தொங்குவான். ஞானஸ்நான வேளையில் கயிற்றால் அவனைக் கீழே இறக்குவார்கள். அவன் ஏந்திய தட்டே தொட்டியாகும். 1861இல் ஐசனாக் நகரில் வகுக்கப்பட்ட விதிகள் பீடத்தின்மேல் பிரசங்க பீடம் அமைப்பதை ஏற்காமல், இடைக்காலக் கட்டடப் பாணியைப் பரிந்துரைத்தன. 1891இல் வெளியான வீஸ்பாடன் திட்டமோ, ஆலயம் சபை கூடும் வீடாகையால், பீடம், பிரசங்க பீடம், ஆர்கன், பாடகர் குழு ஆகியவை சபையின் கண்ணெதிரே ஒன்றாயிருக்க வேண்டுமென்றது. கிராம ஆலயத்து மேசை நாற்காலிகளைப் பற்றி இவ்வளவு வாதம் நடந்ததென்றால், அது அலங்காரத்தைப் பற்றிய வாதமன்று. சபை என்பது எது என்பதைப் பற்றிய வாதம்.

இதே கிராம ஆலயங்களில் வேறொரு உபதேசமும் மரத்தில் செதுக்கப்பட்டிருந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். நிலப்பிரபுவின் குடும்பத்தாருக்குப் பீடத்தருகே தனி மாடமும் சாளரமும் இருந்தன. இருக்கைகள் அந்தஸ்தின்படி ஒதுக்கப்பட்டன; பல இடங்களில் அவற்றிற்குக் கட்டணமும் உண்டு. ஏழை பின்னால் நின்றான். இந்தக் கிறிஸ்தவ நாட்டிலிருந்தே தரங்கைக்கு மிஷனெரிமார் வந்தார்கள். பின்வருவதைச் சிந்திக்கும்போது இதை மனத்திற் கொள்ளவேண்டும்.

2. முகப்பும் மகுடமும்

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க் தேசத்தாரின் வசத்தில் இருந்த துறைமுகம். டேனிஷ் அரசன் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கே வந்திறங்கினார்கள். 1707 மே 12இல், டேனியரிடம் அடிமைகளாயிருந்த ஐவர் முதலாவது ஞானஸ்நானம் பெற்றனர். அது நடந்த இடம் 1701இல் ஐரோப்பியருக்கென எழுந்த சீயோன் ஆலயம். அதே ஆண்டு ஆகஸ்டு 14இல் தமிழருக்கும் போர்த்துக்கேய மொழி பேசினோருக்குமாகக் கடலோரத்தில் சிறியதோர் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. பின்னர் நகரின் ராஜ வீதியில் 1717 பிப்ரவரி 9ஆம் நாள் புதிய ஆலயத்திற்கு அஸ்திபாரமிடப்பட்டு, 1718 அக்டோபர் 11ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. சீகன்பால்கு அதன்பின் ஐந்து மாதங்கூட உயிரோடிருக்கவில்லை. 1719 பிப்ரவரி 23இல், தம் முப்பத்தாறாம் வயதில் அவர் காலமானார்.

ஆலயத்தின் முகப்பில் நம் கண்ணில் முதலில் படுவது சிலுவையன்று. அரசனுடைய மகுடமும் அவன் பெயரைக் குறிக்கும் பின்னல் எழுத்துமே பெரிதாய்த் தோன்றுகின்றன. நம்மவர் இதைப் பெருமையோடு சுட்டிக்காட்டுவர். தமிழர் கண்கொண்டு பார்த்தால் இது நமக்குப் பழகிய ஒன்றே. நம்முடைய ஆலயங்களில் மின்விசிறியின் இறக்கையிலும் டியூப் லைட்டின் கண்ணாடியிலும் 'உபயம்' என்று எழுதி, அதனால் விளக்கின் வெளிச்சமே குறைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். அரசன் எழுத்தும் ஒரு பேருபயமே.

எனினும் நியாயமாகப் பார்க்கவேண்டும். 1708இன் இறுதியில் தரங்கையின் தளபதி சீகன்பால்கைப் பிடித்து, நான்கு மாதங்கள் டான்ஸ்பர்க் கோட்டையில் சிறைவைத்தான். வணிகக் கம்பெனியாருக்கு மிஷன் பணி இடையூறாகத் தோன்றிய காலம் அது. அந்நிலையில் அரசனின் பெயரை வாசலின்மேல் பொறிப்பது புகழ்ச்சி மாத்திரமன்று. உள்ளே வழிபடும் ஏழைத் தமிழர்மீது கம்பெனியார் கைவைக்கலாகாது என்னும் எச்சரிக்கையும் அதில் அடங்கியிருந்தது. ஆகவே அந்த மகுடத்தை இருவிதமாக வாசிக்கலாம். திருச்சபை உலக அதிகாரத்தின் நிழலில் ஒதுங்கியதற்கு அது சாட்சி. எளியோரைக் காக்க அவ்வதிகாரத்தை அது பயன்படுத்தியதற்கும் சாட்சி. மகுடம் காத்தது யாரை என்பதைக் கொண்டே அதை நியாயந்தீர்க்க வேண்டும். இன்று நம் ஆலயங்களில் பொறிக்கப்படும் உபயப் பெயர்களுக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம். அவை எந்த எளியவனைக் காக்கின்றன?

3. பீடத்தருகே கல்லறைகள்

உள்ளே பீடத்தின் அருகே சீகன்பால்கும், 1720இல் மரித்த அவருடைய உடன் ஊழியர் கிருண்ட்லரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். திருவிருந்துக்கு வருவோர் அவர்கள் கல்லறையருகே முழங்காற்படியிடுகிறார்கள். பரிசுத்தவான்களின் எலும்புகளைப் பீடத்தடியில் வைத்த பழைய வழக்கத்தைச் சீர்திருத்தச் சபை மறுத்தது என்பது உண்மை. ஆனால் இக்கல்லறைகள் பரிந்து பேசுவோரின் கல்லறைகள் அல்ல. தம் மொழியல்லாத மொழியைக் கற்று, அதில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715க்குள் அச்சிட்டு முடித்து, அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்களின் கல்லறைகள் அவை. வார்த்தை மாம்சமானார் என்பதைப் பிரசங்கிப்பவன், தன் மாம்சத்தையும் அந்த ஊரில் விட்டுப்போனான் என்று அவை சொல்கின்றன. ஆலயத்திலுள்ள பொருள்களில் மிகத் தூய உபதேசம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பீடத்தருகே இருப்பவர்கள் ஜெர்மானியர் இருவர். அவ்வாலயத்தைக் கட்ட மண் சுமந்தவர்களும் செங்கல் அடுக்கியவர்களும் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லும் கல் அங்கே இல்லை. தமிழ்த் திருச்சபையின் வரலாற்றை மிஷனெரிமாரின் வாழ்க்கை வரலாறாக மட்டும் எழுதும் நம் பழக்கம், இந்தக் கல்லறைகளின் அமைப்பிலேயே தொடங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

4. பிரசங்க பீடத்தில் ஏறியவரும் ஏறாதவரும்

1733 டிசம்பர் 28ஆம் நாள் தரங்கையில் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் சுவிசேஷத் திருச்சபையாரிடையே குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. கடலூரைச் சேர்ந்த வேளாளர் குடும்பத்தவர். சீகன்பால்கின் கையால் ஞானஸ்நானம் பெற்றவர். 1745இல் மரிக்கும்வரை உண்மையாய் உழைத்தவர். அவரைக் குறித்து நம் சபையார் அறிவார்கள். அந்நாள் ஆண்டுதோறும் நினைவுகூரத்தக்கது.

அதே தெரிவில் ஆராயப்பட்ட மற்றொருவரை நம்மிற் பலர் அறியார். அவர் பெயர் இராஜநாயக்கன். தஞ்சை அரசனின் படையில் சேவகராயிருந்தவர். ரோமச் சபையில் பிறந்தவர். தரங்கையில் அச்சான தமிழ்ச் சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் வாசித்தே சுவிசேஷச் சபைக்கு வந்தவர். அச்சுக்கூடம் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இவரைவிடச் சிறந்த விடை இல்லை. உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் சபைகளை உருவாக்கினார். அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து திருவிருந்தை வாங்கச் சூத்திரக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்று மிஷனெரிமார் அஞ்சினார்கள். ஆகவே அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. 1771இல் மரிக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அவருடைய வேத அறிவில் குறை கண்டதாகவோ, ஒழுக்கத்தில் குறை கண்டதாகவோ சொல்லப்படவில்லை. தடை முழுவதும் பீடத்தருகேதான் இருந்தது. கொடுப்பவரின் கையும் வாங்குபவரின் வாயும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் இருந்தது. பாத்திரத்தை ஏந்தும் கை எது என்பதே கேள்வியாயிற்று. திருவிருந்தின் மேன்மை அதைக் கொடுக்கும் ஊழியனின் தகுதியில் தங்குவதில்லை என்று 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை எட்டாம் பிரிவில் போதிக்கிறது. அவ்வறிக்கையைக் கையொப்பமிட்டு ஏற்றவர்களே, ஊழியனின் பிறப்பைக் கண்டு தயங்கினார்கள். உபதேசம் நூலில் இருந்தது. பீடத்தருகே அது செல்லவில்லை.

5. இருக்கைகள்

புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் அமைந்தது. நான்கு கைகளும் நடுவில் கூடும் அமைப்பு, எல்லாத் திசையிலிருந்தும் வரும் சபை ஒரே வார்த்தையைச் சுற்றிக் கூடுவதற்கு ஏற்றது. ஆனால், பிரிந்து அமர விரும்புவோருக்கும் அவ்வமைப்பு வசதி செய்துகொடுக்கிறது. தரங்கையின் சபையில் சூத்திரரும் பறையரும் பிரிந்தே அமர்ந்தார்கள். மிஷனெரிமார் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஊர் வழக்கத்தைப் பலவந்தமாய் முறிக்கலாகாது, போதனையால் அது காலக்கிரமத்தில் கரையும் என்று அவர்கள் நம்பினார்கள். 1522இல் லுத்தர் சொன்னதை நினைத்து அப்படி நம்பினார்கள் என்றும் சொல்லலாம். தம் சொந்த ஊரின் ஆலயத்தில் பிரபுவின் மாடத்தையும் ஏழையின் நிற்குமிடத்தையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு, பிரிந்த இருக்கைகள் பெரிய அதிர்ச்சியாய் இராமற்போனதிலும் வியப்பில்லை. அன்றியும், ராஜ வீதியிலேயே ஐரோப்பியருக்கு ஒரு லுத்தரன் ஆலயமும் தமிழருக்கு ஒரு லுத்தரன் ஆலயமும் நின்றன. சீயோன் ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அன்றோ இரண்டும் ஒரே விசுவாச அறிக்கையை உடையவை. மொழி வேறுபாடு அதற்கு ஒரு காரணமே. ஆயினும், முதற் பிரிவினையைத் தமிழர் மட்டுமே கொண்டுவந்தார்கள் என்று சொல்வது முழு உண்மையாகாது.

காலக்கிரமத்தில் கரையும் என்ற நம்பிக்கை நிறைவேறியதா? ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1829இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சபையில் சாதி வேறுபாட்டை அகற்ற முயன்ற இளைய மிஷனெரிமாரை எதிர்த்து 'சாதித் திருத்தலின் பயித்தியம்' என்னும் நூலை எழுதினார். அவருடைய கீர்த்தனைகளால் நம் வழிபாடு பெற்ற செல்வத்தை எவரும் மறுக்க முடியாது. அவரைப் போன்ற பக்தரே ஒன்றாய் அமர்வதைப் பைத்தியம் என்று எண்ணினாரெனில், ஆலயத்தின் இருக்கைகள் நூறாண்டுகளாக எவ்வளவு திறமையாய்ப் பிரசங்கித்திருக்க வேண்டும்! 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன், சாதியைச் சபையிலிருந்து உடனே அகற்றக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் வெளியேறினார்கள். அவர்களிற் பலருக்கு, 1840இல் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் புகலிடமாயிற்று. 1850இல் சென்னையிலே கூடிய மிஷனெரிமார் சாதியை விட்டொழிப்பதைத் திருவிருந்துக்கு நிபந்தனையாக்கினபோது, லைப்சிக் மிஷன் மட்டும் அதற்கு உடன்படவில்லை. சாதி சமுதாய ஒழுங்கு; அதைச் சட்டத்தால் முறிப்பது சுவிசேஷ முறையன்று என்பது அவர்கள் வாதம்.

6. அடியாபொராவா?

இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. சுவிசேஷத்தை நியாயப்பிரமாணமாக்கக் கூடாது என்னும் லுத்தரன் அக்கறை உண்மையானது. பேராயரின் கட்டளையால் பலர் வெளியேறினார்களேயன்றி மனந்திரும்பவில்லை என்பதும் வரலாறு. இருக்கை, வரிசை, பாத்திரம் ஆகியவை தம்மளவில் அடியாபொரா, அதாவது வேதம் கட்டளையிடாதவையும் விலக்காதவையுமான காரியங்கள் என்பதும் சரியே.

ஆனால் 1577ஆம் ஆண்டின் இணக்க வாசகம், தன் பத்தாம் பிரிவில் ஒரு முக்கியமான வரம்பை இடுகிறது. அடியாபொராவான ஒரு காரியம், சுவிசேஷ சத்தியத்தை மறுதலிக்கும் அடையாளமாக வற்புறுத்தப்படும் வேளையில், அது அடியாபொராவாயிருப்பது நின்றுபோகிறது. அப்போது இணங்குவதே மறுதலிப்பாகும். வலது பெஞ்சா இடது பெஞ்சா என்பது அடியாபொரா. கிறிஸ்துவின் சரீரத்தில் ஒருவன் மற்றவனைத் தொட்டால் தீட்டு என்பதற்கு அடையாளமாக வலது பெஞ்சும் இடது பெஞ்சும் பிரிக்கப்படும்போது, அது விசுவாச அறிக்கையைப் பற்றிய காரியமாகிறது. லைப்சிக் மிஷனார் பத்தாம் பிரிவின் முதற்பாதியை நன்றாய்க் கற்றிருந்தார்கள். பிற்பாதியை இங்கே பிரயோகிக்கத் தவறினார்கள் என்பது நம் தீர்ப்பு.

இது நாம் புதிதாய்ச் சொல்வதன்று. 1977இல் தார் எஸ் சலாம் நகரில் கூடிய லுத்தரன் உலகச் சம்மேளனத்தின் மாமன்றம், தென் ஆப்பிரிக்காவின் நிறவெறி ஒழுங்கை விசுவாச அறிக்கைக்குரிய நிலையென்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்ட் மாமன்றம், அதை விட்டு விலகாத வெள்ளையர் சபைகள் இரண்டின் அங்கத்துவத்தை நிறுத்திவைத்தது. நிறத்தின்படி பிரிந்த திருவிருந்து சுவிசேஷத்துக்கு விரோதம் என்று அங்கே துணிந்து சொன்ன உலக லுத்தரன் குடும்பத்தில் நாமும் அங்கம். பிறப்பின்படி பிரிந்த திருவிருந்தைக் குறித்து வேறு சட்டம் நமக்குண்டோ?

யாக்கோபின் நிருபம், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குப் பாதபடியருகே இடமும் கொடுக்கும் சபையைக் கடிந்துகொள்கிறது. புதிய ஏற்பாட்டில் ஆலய இருக்கைகளைக் குறித்து இத்தனை நேராய்ப் பேசும் பகுதி வேறில்லை. 1522இல் தம் முன்னுரையில் லுத்தர் வைக்கோலுக்கு ஒப்பிட்டதும் இதே நிருபத்தைத்தான். அவர் அப்படி எழுதியதற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆயினும், அவருடைய பிள்ளைகளாகிய நாம் இருக்கை விஷயத்தில் தடுமாறியதற்கு, இந்நிருபத்தை அதிகம் திறவாததும் ஒரு காரணமாயிருக்கலாம்.

7. நம் கையிலிருந்த பாத்திரம்

பிறரைக் குறைகூறி முடிக்க நமக்கு உரிமையில்லை. நாம் குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் ஒரு கிராமச் சபையில் பணியாற்றினோம். அங்கே பிரிந்த இருக்கைகள் இல்லை. பெஞ்சுகள் எல்லாருக்கும் பொது. ஆனால் திருவிருந்துக்கு வருவதில் ஒரு வரிசை இருந்தது. பெரிய தெருவார் முதற்பந்தியில் முழங்காற்படியிடுவார்கள். தெற்குத் தெருவார் கடைசிப் பந்தி. எவரும் எழுதிவைக்கவில்லை, எவரும் மீறவும் இல்லை. 'பந்திக்கு முந்து' என்பது ஊர்ப் பழமொழி. ஆண்டவருடைய பந்தியிலும் முந்தும் உரிமை சிலருக்குப் பிறப்பாலே வந்திருந்தது. அந்த வரிசையை நாம் முதல் ஞாயிறே கவனித்தோம். ஆயினும் மூன்று ஆண்டுகள் ஒன்றும் சொல்லாமல் அதே வரிசையில் பாத்திரத்தைக் கொடுத்துவந்தோம். புதியவர், சபை அமைதி, போதனையால் கரையும் என்று நமக்கு நாமே காரணங்கள் சொல்லிக்கொண்டோம். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய மிஷனெரிமாரின் காரணங்களே நம் வாயிலும் வந்தன.

தெற்குத் தெருவிலிருந்து ஒரு மூதாட்டி எப்போதும் கடைசியாக வருவார். ஒருநாள் ஆராதனை முடிந்தபின் அவரிடம், "பாட்டி, அடுத்த முறை முதலிலேயே வாருங்கள்" என்று சொன்னோம். அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்துவிட்டு, "கடைசியிலே வந்தாலும் அதே பாத்திரந்தானே ஐயா?" என்றார். அது விசுவாசமா, நம்மைக் கடிந்துகொண்டதா என்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. இரண்டுமாய் இருந்திருக்கலாம். ஒன்று மட்டும் விளங்கிற்று: செய்யவேண்டியதைச் செய்யாமல், அதைச் செய்யும் பாரத்தை அந்தக் கிழவியின்மேல் ஏற்றப் பார்த்தோம். அடுத்த திருவிருந்தில் சபை மூப்பரோடு பேசி, தெரு பாராமல் பெஞ்சு வரிசைப்படி எல்லாரும் வரும்படி ஒழுங்குசெய்தோம். இரண்டு குடும்பத்தார் சில மாதங்கள் திருவிருந்துக்கு வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு நாம் பலமுறை சென்றோம். ஒரு குடும்பம் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. அதை வெற்றியென்று இங்கே எழுதவில்லை.

8. குருமாணவருக்கு ஒரு சொல்

ஒரு சபைக்கு நியமிக்கப்படும்போது, உடன் ஊழியர்கள் முதலில் ஆலயச் சொத்துப் பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவார்கள். பீடம் ஒன்று, வாசக மேசை ஒன்று, வெள்ளிப் பாத்திரம் ஒன்று, பெஞ்சுகள் இத்தனை என்று அதில் எழுதியிருக்கும். அப்பட்டியலை இன்னொரு முறையும் வாசிக்கும்படி வேண்டுகிறோம். இந்தத் தொட்டியில் யார் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றார்கள்? இந்தப் பெஞ்சில் யார் அமர்கிறார்? இந்த வாசக மேசையில் வேதம் வாசிக்க யார் அழைக்கப்படுகிறார், யார் அழைக்கப்படுவதில்லை? கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவருண்டா? பளிங்கு பதித்துப் பீடத்தைப் புதுப்பிக்கத் தீர்மானிக்கும் கூட்டத்தில், அதன் முன் முழங்காற்படியிடுவோரைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசப்படுகிறதா?

தரங்கை ஆலயத்தைப் பழுதுபார்ப்பதும் பாதுகாப்பதும் நம் கடமை. அதன் சுவர்களைக் கடற்காற்று அரிக்காமல் காப்போமாக. ஆயினும், இராஜநாயக்கன் ஏற அனுமதி பெறாத அந்தப் பீடத்தின் முன்பாக, அவருடைய வழித்தோன்றல்களாகிய குருமார் இன்று திருவிருந்தைக் கொடுக்கும்போதெல்லாம், அவ்வாலயத்தின் பழைய பிரசங்கம் ஒன்று திருத்தப்படுகிறது. 1718இல் தொடங்கிய பிரதிஷ்டை அவ்வாறே நிறைவடைந்துவருகிறது என்று நாம் நம்புகிறோம். நம் கிராம ஆலயங்களிலோ, அது அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, முதற்பந்தியிலிருந்து தொடங்கவேண்டும்.